கீழே கிடந்த மோட்டார் சைக்கிளும் மேற்கே நின்ற சுவாமியும்

சுவாமி எதிரே வந்தால் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட வேண்டும். இதில் எனக்கு அன்றும் தகராறு இல்லை, இன்றும் இல்லை. அந்த இரண்டு கையும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சுவாமி வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

அப்போது நாங்கள் கரமனையில், ஆற்றை ஒட்டிய அக்கிரகாரத் தெருவில் இருந்தோம். எனக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்த சமயம். பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள்கள் திருவனந்தபுரத்தில் அங்கங்கே தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அதில் ஒன்று என் தலையில் கட்டப்பட்டது. பாசி நிறம். எருமைக்கடா எடை. பாலைவனத்தில் ஓடிய வண்டி என்று விற்றவர் சொன்னார். எந்தப் பாலைவனம் என்று கேட்டேன், அது ராணுவ ரகசியம் என்றார்.

அவர் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வண்டி பழுது பார்க்கிறவர். வண்டியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னார். ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் சொன்னார். "சாரே, இது விழும். விழாம இருக்கிற வண்டி இல்லை. விழுந்தா குனிஞ்சு தூக்கப்படாது, இடுப்பு போயிடும். வண்டிக்கு முதுகைக் காட்டிண்டு, அதோட சீட்டுல உங்க பின்பக்கத்தை ஒட்ட வச்சுக் குந்துங்கோ. கீழே கிடக்கிற கைப்பிடியை ஒரு கை, சீட்டுக்கு அடியிலே இருக்கிற கம்பியை ஒரு கை. முதுகு நேரா இருக்கணும். தொடையாலே எழுந்திருக்கணும். சின்னச் சின்ன அடியா பின்னாலேயே போனா வண்டி தானே நிமிரும். ஆனா தூக்கறதுக்கு முன்னாலேயே மறுபக்கத்துத் தாங்கு காலை, அதான் ஸ்டாண்டை, இறக்கி வச்சுடணும்." செய்தும் காட்டினார். அவர் ஒல்லியான மனிதர். வண்டி சொன்னபடி எழுந்து நின்றது. எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அதற்கு முன்னால் பல வருஷம் நான் சைக்கிள்காரன். எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் கோயில், கிழக்கே பார்த்த சன்னிதி. ஆபீசிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கோயிலைப் பார்த்துத்தான் வரவேண்டும். தினமும் இறங்கி ஏறுவது யாரால் ஆகும்? அதற்குத் தெருவில் ஒரு வித்தை வைத்திருந்தோம். ஓட்டிக்கொண்டே கால் விரலை நெகிழ்த்திச் செருப்பை உதிர்த்துவிட்டு, இரண்டு கையையும் விட்டு, கன்னத்தில் மூன்று போட்டுக்கொண்டு, மறுபடி கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது. செருப்பு தெருவில் கிடக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்தால் அங்கங்கே ஜோடி ஜோடியாகச் செருப்பு கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பயந்துபோவார்கள்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவரின் பெண். நம்மவர்கள்தான், நம் பாஷைதான். ஆனாலும் தெருவில் அவளுக்குத் 'தோட்டத்துப் பொண்ணு' என்று பெயர் விழுந்துவிட்டது. காட்டில் வளர்ந்தவளுக்கு ஆசாரம் என்ன தெரியும் என்பது அதன் பொருள். அவள் சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் கேட்கவில்லை. அவளும் அதிகம் பேச மாட்டாள். என் அம்மா முன்னமே போய்விட்டாள், வீட்டில் அப்பா மட்டும். மாமனாரிடம் நேரே பேசுவது மரியாதை இல்லை என்பதால், அவள் கதவுக்குப் பின்னால் நின்று "காப்பி ஆறிப் போறதுன்னு சொல்லுங்கோ" என்று என்னிடம் சொல்வாள். "காப்பி ஆறிப் போறதாம்" என்று நான் அப்பாவிடம் சொல்வேன். "வரேன்னு சொல்லு" என்பார் அப்பா. மூன்று பேரும் இருப்பது ஒரே கூடத்தில்.

அந்த வருஷத் திருவிழாவில், சுவாமி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது முதல் தடவையாக அவள் கையால் தட்டு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தேங்காய், பழம், வெற்றிலை, பூ வைத்த தாம்பாளம். அதைப் பூசை செய்கிற போத்தி வாங்கி, பெயர் நட்சத்திரம் கேட்டு, அர்ச்சனை பண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவள் இந்தத் தெருக்காரி ஆகிவிடுவாள். ஒரு வாரமாகத் தெரு முழுக்க அதே பேச்சு. அவள் எந்தக் கையால் கொடுப்பாள், எங்கே தப்புப் பண்ணுவாள் என்று பார்க்கக் காத்திருந்தார்கள். காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "சீக்கிரம் வந்துடுங்கோ, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் எனக்குச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். அதனால்தான் நான் வேகமாக வந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ சாகசத்துக்குப் போனதாக நினைப்பீர்கள்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் நீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நான் கிழக்கேயிருந்து உள்ளே நுழைகிறேன், அதே சமயம் மேற்கே கோயில் வாசலைத் தாண்டிச் சுவாமி வெளியே வருகிறார். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தீவட்டி, தோளில் பல்லக்கு. என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. செருப்பு உதிர்ந்தது. இரண்டு கையும் கைப்பிடியை விட்டுக் கன்னத்துக்குப் போயிற்று. ஒரு போடு போட்டேன். இரண்டாவது போட்டபோது வண்டி கோலத்தின் ஈரத்தில் சறுக்கி இடது பக்கம் திரும்பியது. மூன்றாவதைத் தரையில் இருந்து போட்டேன்.

வண்டி தெருவுக்குக் குறுக்கே சாய்ந்தது. சக்கரங்கள் சுவாமி பக்கம், சீட்டும் கைப்பிடியும் கிழக்குப் பக்கம். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே வண்டிக்கு அடியில். என்ஜின் சூடு கால்சட்டை வழியாக இறங்கத் தொடங்கியது. எலும்பு முறியவில்லை என்று தெரிந்தது, ஆனால் காலை அசைக்க முடியவில்லை.

முதலில் ஓடி வந்தவர் அப்பா. ஓடி வந்து நாலு அடி தள்ளியே நின்றுவிட்டார். அவர் சுவாமிக்காகக் குளித்து மடியாக இருந்தார், தொட்டால் மடி போய்விடும். நான் ஆபீசு உடுப்பில் இருந்தேன், வண்டியின் சீட்டு வேறு தோல்.

"டேய், காலை மடக்குடா! சுவாமிக்கு நேரே காலை நீட்டிண்டு கிடக்கறயே!"

"அப்பா, கால் வண்டிக்கு அடியிலே இருக்கு."

"ஒரு கால்தானேடா அடியிலே இருக்கு? மத்தக் காலையாவது மடக்கேன்."

மடக்கினேன். அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, பல்லக்கும் எனக்குப் பத்துப் பதினைந்து அடி மேற்கே வந்து நின்றுவிட்டது. இரண்டு வீடு தள்ளியிருந்த, நல்ல தேகக்கட்டுள்ள ஒருவர் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வண்டியைப் பார்க்க நின்று குனிந்து இரண்டு கையாலும் ஒரே தம்மில் இழுத்தார். வண்டி ஒரு சாண் எழுந்தது. அவர் இடுப்பில் ஏதோ சொடுக்கிற்று. வண்டி மறுபடி என் காலில் வந்து உட்கார்ந்தது. அவர் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். அவரால் நிமிர முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. மற்றவர்கள் அவர் சுவாமியை வணங்குகிறார் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

நான் கத்தினேன். "குனிஞ்சு தூக்காதீங்கோ! திரும்பிண்டு, முதுகை வண்டிக்குக் கொடுத்துக் குந்துங்கோ! தொடையாலே எழுந்தா தானே வரும்!" பழுது பார்க்கிறவர் சொன்னதை ஞாபகம் வந்தவரை ஒப்பித்தேன். நாலு பேர் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு வந்து, சீட்டுப் பக்கமாக நின்று, திரும்பினார். திரும்பியவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அம்பி, இப்படித் திரும்பினா சுவாமிக்குன்னா முதுகு காட்ட வேண்டியிருக்கு!"

அது உண்மைதான். வண்டி விழுந்திருந்த லட்சணத்தில், முறைப்படி தூக்குகிறவன் கிழக்கே பார்த்துக் குந்த வேண்டும். அவன் முதுகுக்கு நேரே மேற்கே சுவாமி. முதுகு மட்டுமா? சுவாமியைப் பின்னால் வைத்துக்கொண்டு குந்துகிற அந்தக் கோலம் வேறு எந்தக் காரியத்துக்கு உட்காருகிற கோலம் என்று எல்லோருக்கும் தெரியும். தார்ப்பாய்ச்சியவர் அதை அவிழ்த்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார்.

"அப்படின்னா மேற்குப் பக்கம் போய் நின்னு தூக்கலாமே?" என்றார் அப்பா.

"அங்கே சக்கரம்தான் இருக்கு, அப்பா. சக்கரத்தைத் தூக்கினா வண்டி தலைகீழா நிக்கும்."

எங்கள் அடுத்த வீட்டு வக்கீல் மாமா இப்போது முன்னால் வந்தார். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டவர், வாதாடுவதை நிறுத்தாதவர். தமிழ்த் தாலுக்காக்கள் எந்த மாகாணத்தோடு சேர வேண்டும் என்று காலையில் ஒரு கட்சியும் மாலையில் எதிர்க்கட்சியும் பேசுவார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைச் சுற்றிப் பார்த்தார்.

"பாருங்கோ, மேளக்காரன் சுவாமிக்கு முன்னாலேதானே நடக்கறான்? அவன் முதுகு சுவாமிக்குத் தெரியறதா இல்லையா? ஆக, முதுகு தெரியறது தோஷமில்லை. ஆனா அவன் நடக்கறான். நின்னா உடனே திரும்பிக்கறான். அதனாலே நடக்கற முதுகுக்கு அனுமதி உண்டு. நிக்கற முதுகுக்குக் கிடையாது. குந்தற முதுகைப் பத்திப் பேச்சே வேண்டாம்."

"மாமா, கால் வேகறது" என்றேன்.

"அதையும் யோசிச்சுண்டுதான் இருக்கேன்" என்றார்.

தெருவில் பலசாலிகள் இல்லாமல் இல்லை. நிஜமான பலசாலிகள் அத்தனை பேரும் பல்லக்குக்குத் தோள் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தடவை தோளில் ஏற்றினால் வலம் முடியும்வரை சுவாமியைக் கீழே இறக்கக் கூடாது. திரும்பிப் போகவும் கூடாது. என்னைச் சுற்றிக்கொண்டு போக இடமும் இல்லை, ஒரு பக்கம் நான், மறுபக்கம் இடுப்புப் பிடித்தவர். "கொஞ்சம் சட்டுனு ஆகட்டும், தோள் விண்ணு விண்ணுங்கறது" என்று அவர்களில் ஒருவர் அங்கிருந்து குரல் கொடுத்தார். சுவாமி வெகு நேரம் நிற்பதைப் பார்த்த நாதஸ்வரக்காரர், இது தனக்காகக் கொடுத்த அவகாசம் என்று எண்ணி, ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்துவிட்டார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

திருவிழாப் பந்தோபஸ்துக்கு ஒரு மலையாளிக் கான்ஸ்டபிள் வந்திருந்தார். தெருமுனையில் நின்றுகொண்டு, "எந்தா சாரே இது? ஒரு ஆள் அடியில் கிடக்குன்னு, ஆரும் பிடிக்குன்னில்லே?" என்று சத்தம் போட்டார். ஆள் அடியில் கிடக்கிறான், யாரும் கை கொடுக்கவில்லையே என்று கேட்கிறார். அந்தக் கூட்டத்தில் புத்தி பேதலிக்காதவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் காலில் பூட்ஸ், இடுப்பில் தோல் பெல்ட். அப்படியே சுவாமி பக்கம் வரக் கூடாது. "ஞான் வராம், ஒரு மினிட்டு!" என்று சொல்லிவிட்டு, ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து, கெண்டைக்காலில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார். அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றியிருப்பார்கள். அது அவிழ்ந்துகொண்டே வந்தது. இன்னும் அவிழ்ந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. பெட்ரோல். குழாயை நான் கையை நீட்டி மூடியிருந்தேன். ஆனால் டாங்கி சாய்ந்து கிடந்ததால் மூடியின் விளிம்பிலிருந்து கசிந்து, கோலத்தின் ஈரத்தோடு சேர்ந்து, மெள்ள மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு கோயில் பக்கம் தாழ்வு. மேற்கே தீவட்டிகள் எரிகின்றன. எண்ணெய் சொட்டுச் சொட்டாக நெருப்போடு தரையில் விழுகிறது.

அதுவரை எனக்கு எரிச்சல்தான். இப்போது பயம் வந்தது. "தீவட்டியை அணைங்கோ! பெட்ரோல் ஓடறது!" என்று அலறினேன்.

போத்தி பல்லக்கின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் நல்லவர், நிதானமானவர். "தீவட்டியை அணைச்சு சுவாமியை இருட்டிலே நிறுத்த முடியாதல்லோ. ஒரு வழி உண்டு. திரை போட்டா தோஷமில்லை. நைவேத்யத்துக்குப் போடறோமே, அதுபோலே. திரைக்கு அந்தப் பக்கம் யார் முதுகைக் காட்டினாலும் சுவாமி பார்க்க மாட்டார் கேட்டேளா" என்றார்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிரமாதமான யோசனை. திரை எங்கே? கோயிலுக்குள்ளே. திரையை எடுத்து வர ஆள் போயிற்று. திரை சலவைக்குப் போயிருக்கிறது, வேறு பார்க்கிறார்கள் என்று சேதி வந்தது. கேரியருக்குப் பின்னால் இருந்த என் ஆபீசுக் குடையை விரித்துப் பிடித்தால் திரையாகுமா என்று அப்பா கேட்டார். குடை தலைக்கு மேல் பிடித்தால் மரியாதை, நேரே பிடித்தால் அவமரியாதை என்றார் வக்கீல் மாமா. பெட்ரோல் வாய்க்கால் தீவட்டிக்கு நாலைந்து அடி இருக்கும்வரை வந்துவிட்டது. நான் அவர்களைப் பார்த்து என்னென்னவோ சொன்னேன். சுவாமி காதில் விழக் கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன.

அந்த நேரத்தில் கூட்டம் ஒரு பக்கமாக விலகிற்று. என் மனைவி வந்துகொண்டிருந்தாள். மடிசார்ப் புடவை, தலை நிறையப் பூ, கையில் தாம்பாளம். வாசலில் நிற்க வேண்டியவள் நடுத்தெருவுக்கு வந்திருந்தாள். நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இதைப் பிடிச்சுக்கோங்கோ."

அவள் அவரிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அது. அப்பா திகைத்துப்போய் இரண்டு கையையும் நீட்டினார். தாம்பாளம் அவர் கைக்குப் போயிற்று. அவள் என்னிடம் வந்தாள்.

"எங்கே பிடிக்கணும்?"

"நீ ஏன் வந்தே? உள்ளே போ. தெருவே பார்க்கறது."

"எங்கே பிடிக்கணும்னு கேட்டேன்."

சொன்னேன். வேறென்ன செய்வது? கீழே கிடந்த கைப்பிடியைக் காட்டினேன். சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைக் காட்டினேன். வண்டி கியரில் விழுந்திருந்தது. அந்த ஒரு நல்ல காரியத்தை நான் தெரியாமலே செய்திருந்தேன், சக்கரம் உருளாது. கைப்பிடியை முழுக்கத் தரைப்பக்கம் திருப்பச் சொன்னேன், திருப்பினாள். பிறகு அவள் என் தொடையைத் தாண்டி, ஒரு பாதம் இந்தப் பக்கம், ஒரு பாதம் அந்தப் பக்கமாக நின்றாள். புருஷனைத் தாண்டுகிறாளே என்று கூட்டத்தில் ஒரு சீறல் கேட்டது. அடுத்து அவள் செய்யப்போவது தெரிந்திருந்தால் அதற்கு மூச்சை மிச்சம் வைத்திருப்பார்கள். அவள் கிழக்கே பார்த்துத் திரும்பினாள். சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீட்டில் தன் பின்பக்கத்தை ஒட்டவைத்து, நடுத்தெருவில் குந்தினாள்.

நாதஸ்வரம் நின்றது.

"முதுகை வளைக்காதே. கையாலே இழுக்காதே, கை சும்மா பிடிச்சுண்டா போதும். எதிரே பாரு. தொடையாலே எழுந்திரு."

எதிரே என்றால் நான்தான். வண்டிக்கு அடியில் கால் மாட்டியவனுக்கு எதிரே பார்க்காமல் இருக்க வழியில்லை, வண்டிக்கு முதுகு கொடுத்தவளுக்கும் இல்லை. கல்யாணத்தில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று பிறகு கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்திலா அதெல்லாம் தோன்றும் என்று கேட்டால், தோன்றியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நெற்றி நரம்பு புடைத்தது. வண்டி முனகியது. இடுப்புப் பிடித்தவர் நின்ற இடத்திலிருந்தே "அப்படித்தான், அப்படித்தான்" என்றார். என் கால்மேல் இருந்த கனம் குறைந்தது, பிறகு இல்லாமல் போயிற்று. நான் இரண்டு கையாலும் தரையை உந்திக் காலை வெளியே இழுத்துக்கொண்டேன்.

"வந்துடுத்து! நான் வந்துட்டேன்!"

"அது சரி, இதை என்ன பண்றது?" என்றாள் அவள்.

வண்டியின் பாதி கனம் அவள் முதுகில். விட்டால் மறுபடி விழும். இன்னும் தள்ளினால் அந்தப் பக்கம், சுவாமி பக்கமாகச் சாயும். அந்தப் பக்கத்துத் தாங்கு காலை முதலிலேயே இறக்கிவைத்திருக்க வேண்டும் என்பது பழுது பார்க்கிறவர் சொன்ன பாடத்தின் கடைசி வரி. அதை மறந்துவிட்டேன். நொண்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி மேற்குப் பக்கம் ஓடி, நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினேன். "மெள்ள, மெள்ள, சின்ன அடியா வா" என்றேன். அவள் பின்னாலேயே அடியெடுத்து வைத்தாள், வண்டி நிமிர்ந்தது, தாங்கு காலைத் தட்டிவிட்டேன். நிமிர்ந்த வண்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நானும் கிழக்கே பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது சுவாமிக்கு முதுகு காட்டியவர்கள் இரண்டு பேர்.

கான்ஸ்டபிள் வெறுங்காலோடு ஓடி வந்து சேர்ந்தார். கையில் பட்டை சுருண்டு கிடந்தது. நிமிர்ந்து நின்ற வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு சல்யூட் வைத்துவிட்டு, கை நிறைய மண்ணை அள்ளிப் பெட்ரோல் மேல் போடத் தொடங்கினார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் மண் போடலாம் என்ற ஞாபகம் வந்தது.

வண்டியை ஓரமாகத் தள்ளினோம். சுவாமி நகர்ந்தார். நாதஸ்வரக்காரர் விட்ட இடத்தில் மறுபடி தொடங்கினார். நான் வீட்டுப் படியில் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தேன். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொப்புளித்திருந்தது, வேறு சேதம் இல்லை. அவள் புடவையில் கிரீஸ். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது போலிருந்தது.

சுவாமி எங்கள் வாசலுக்கு வருவதற்குள் வக்கீல் மாமா வந்துவிட்டார். பின்னால் பாதித் தெரு.

"இந்தப் பொண்ணு கையாலே இன்னிக்குத் தட்டு வாங்கப்படாது. சுவாமிக்கு முதுகைக் காட்டிக் குந்தினவ. பிராயச்சித்தம் பண்ணிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம்." பிறகு அவளைப் பார்த்து, "தோட்டத்திலே இதெல்லாம் சொல்லித் தரலியோ?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டே.

"சுவாமி அடியிலே மாட்டிக்கலியே, மாமா."

வக்கீல் மாமா அதற்கு மறுகட்சி தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே பல்லக்கு வந்து நின்றது. தாம்பாளம் இன்னும் அப்பா கையில். அவ்வளவு நேரமும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை, வைக்கலாம் என்று தோன்றவும் இல்லை. அப்பா ஆசாரத்தில் வக்கீல் மாமாவுக்கு ஒரு பிடி கூடுதல். தெரு முழுக்க அவரைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு என் வழியாக இல்லாமல், அவளைப் பார்த்து நேரே சொன்னார்.

"தட்டு கனக்கறதும்மா. வாங்கிக்கோ."

அவள் வாங்கிக்கொண்டு இரண்டு கையாலும் போத்தியிடம் நீட்டினாள். போத்தி கொஞ்சம் தயங்கினார். தட்டைப் பார்த்தார், கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்தார், பின்னால் நின்ற பெட்ரோல் நாற்றத்தையும் முகர்ந்தார். வாங்கிக்கொண்டார்.

"பேரும் நட்சத்திரமும்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. தெருவே பார்க்கச் சுவாமிக்கு முதுகைக் காட்டியவளுக்கு என் பெயரை வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. மோவாயால் என்னைக் காட்டினாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான், புருஷன் பெயரைச் சொல்லி, "குடும்பம்" என்று சேர்த்துக்கொண்டால் முடிந்தது.

நான் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவள் பெயரைச் சொன்னேன். அவள் நட்சத்திரத்தையும் சொன்னேன். அந்தத் தெருவில் அதுவரை யாரும் கேட்காத பெயர். போத்தி தெரியாத பாஷையைக் கேட்டதுபோல, "ஆரு?" என்றார்.

இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.